பானுமதியின் தொகுதி

"உன் தொகுதித் தண்ணிய உன் தொகுதியிலயே வச்சுக்கட்டி. எந்தொகுதிக்குள்ள எதுக்கு விடுத?"

ஆறுமுகத்தாய் இப்படிக் கத்தியபோது எதிர்வீட்டுப் பானுமதி குனிந்து வாசலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிளீச்சிங் பவுடர் போட்ட நுரைத்தண்ணீர் சந்தின் நடுவில் ஓடும் சாக்கடையைத் தாண்டி, ஆறுமுகத்தாயின் சிமெண்டுத் தரையில் வந்து தேங்கியது.

"தண்ணிக்குத் தொகுதி தெரியுமாக்கா? பள்ளத்தப் பாத்துப் போவுது."

"பள்ளம் எம்பக்கம் இருக்குன்னு சொல்லிக் காட்டுதியோ?"

"நான் என்னத்தச் சொல்லிக் காட்டுதேன். வாசலக் கழுவுதேன்."

"கழுவு, கழுவு. ஓட்டுப் போட்டு வாங்குன லாதில்லா. தேய்ச்சுத் தேய்ச்சு முகம் பாரு."

அந்தச் சந்து தாராவியில் இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிர் வாசலில் நின்று கையை நீட்டினால் விரல் தொட்டுக்கொள்ளும். அவ்வளவுதான் அகலம். நடுவில் கல்பலகை மூடிய சாக்கடை. சாக்கடைக்கு மேற்கே இருக்கிற வீடுகள் தாராவித் தொகுதி. கிழக்கே இருக்கிற வீடுகள் அடுத்த தொகுதி. தொகுதிகளைத் திருத்திக் கோடு போட்டவர்கள் மேஜைமேல் வரைபடத்தை விரித்து வைத்துப் போட்டிருப்பார்கள். அவர்களுக்கு அது கோடு. ஆறுமுகத்தாய்க்கு அது பதினைந்து வருச வயிற்றெரிச்சல்.

மேற்குப் பக்கத்துக்கு எம்.எல்.ஏ. பணத்தில் தரைக்கல் வந்தது. அந்த ஊர்த் தமிழர் அதை லாதி என்பார்கள். சிவப்பும் மஞ்சளுமாக ஒன்றுவிட்டு ஒன்று பதித்துக்கொண்டே வந்தவர்கள், சாக்கடை விளிம்பில் கரண்டியைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்கள். "இந்தப் பக்கம் யாரு போடுவா?" என்று ஆறுமுகத்தாய் கேட்டாள். "ஃபண்டு இங்க வரைக்கும்தான், மௌசி," என்றான் மேஸ்திரி, சித்தி முறை வைத்து. உடைந்த இரண்டு லாதி மிச்சம் கிடந்தது. அதையும் பானுமதியே எடுத்து அம்மிக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பானுமதி யார் என்றால் ஆறுமுகத்தாய்க்கு ஓரகத்தி. கொழுந்தன் பூலோகத்தின் பெண்டாட்டி. அண்ணன் சுடலைக்கண்ணனும் தம்பி பூலோகமும் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து ஒரே தோல்கிடங்கில் வேலை பார்த்தவர்கள். எண்பத்து நாலில் எதிரெதிராக இரண்டு குடிசை விலைக்கு வந்தது. மூத்தவள் என்பதால் ஆறுமுகத்தாயைத்தான் முதலில் எடுக்கச் சொன்னார்கள். அவள் கிழக்கு வீட்டை எடுத்தாள். குழாய் அந்தப் பக்கம் இருந்தது. பானுமதி தினம் ஆறு குடம் தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டுவதைப் பார்த்து அவளுக்கு ரொம்பவும் திருப்தியாக இருந்தது. குழாய் பிறகு எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. அந்தத் திருப்தி போய்விட்டது. வீடு மட்டும் அங்கேயே நின்றது. அதுவும் தானே பார்த்து எடுத்த வீடு. யாரையும் திட்ட வழியில்லை.

கோடு போடுவதற்கு முன்னால் இரண்டு பேருக்கும் ஒரே பூத்து, ஒரே வரிசை. அப்போது காகிதத்தில் முத்திரை குத்துகிற காலம். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. மேலேயிருந்து எத்தனையாவது படம் என்று எண்ணிக் குத்துவார்கள். போகிற வழியில் ஆறுமுகத்தாய் சும்மா கேட்பதுபோலக் கேட்பாள்.

"ஏட்டி, நீ எதுல குத்தப் போற?"

"மேலயிருந்து ரெண்டாவதுலக்கா."

ஆறுமுகத்தாய் உள்ளே போய் நாலாவதில் குத்திவிட்டு வருவாள். நாலாவது ஆள் யார், என்ன கொடி, எதுவும் அவளுக்கு வேண்டாம். ரெண்டாவதுக்குச் சரிக்குச் சரி நிற்கிற ஆள் நாலாவது என்று ஊரே பேசியது. பானுமதியின் ஓட்டை அடித்துவிட்டால் போதும். அடித்துவிட்டோம் என்று அன்றைக்கு முழுக்க நன்றாகச் சாப்பிடுவாள். ஒவ்வொரு தேர்தலிலும் இதுதான் நடந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் அவள் குத்திய ஆள்தான் ஜெயித்தான். தன் ஓட்டுக்கு அத்தனை ராசி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கோடு விழுந்து, லாதியும் வந்த பிறகு ஒருநாள் பானுமதி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே உண்மையைச் சொன்னாள்.

"நீங்க நான் சொன்னதுக்கு எதுத்துதான் குத்துவியன்னு எனக்குத் தெரியாதாக்கா? அதான் மாத்திச் சொல்லுவேன். நாலாவதுலதான் நானும் குத்துவேன். ரெண்டு ஓட்டும் நம்ம ஆளுக்கே."

அத்தனை வருசமும் ஆறுமுகத்தாய் போட்ட ஓட்டெல்லாம் பானுமதி ஓட்டு. பானுமதிக்கு இரண்டு ஓட்டு, தனக்கு ஒன்றுமில்லை. இதைக் கேட்ட அன்று அவள் சோற்றில் உப்புப் போட மறந்தாள். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் இப்போது பூத்து வேறு, மிஷின் வேறு, ஆள் வேறு. இங்கே யாருக்குப் பொத்தானை அமுக்கினாலும் அது பானுமதிக்கு வலிக்காது.

அவளுடைய தொகுதியில் வருகிற வேட்பாளரும் இந்தச் சந்துக்குள் வருவதில்லை. இது அவர்களுக்கு வாலின் நுனி. நாற்பது ஓட்டுக்காக யார் செருப்பை நனைப்பார்கள்? காகிதம் மட்டும் வரும், அதுவும் மராத்தியில். பானுமதி பக்கத்துக்குத் தமிழில் காகிதம் வரும். ஆறுமுகத்தாய்க்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் நம்ம எழுத்து எது என்று தெரியும். மேற்குப் பக்கத்து வேட்பாளர் கைகூப்பி "வனக்கம் அம்மா" என்று பாதித் தமிழில் சொல்வார். பானுமதிக்கு மாலை போடுவதுபோல ஒரு துண்டு போடுவார். போட்டோ எடுப்பார்கள். அப்போது ஆறுமுகத்தாய் தன் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். ஒருதடவை அவர் தவறிப்போய் அவளைப் பார்த்தும் கைகூப்பிவிட்டார். கூட வந்தவன் காதில் ஏதோ சொன்னான். அவர் கையைக் கீழே போட்டுவிட்டார்.

கைகூப்பினதை இறக்கினால் யாருக்கு வலிக்காது?

அன்றைக்கே முடிவெடுத்தாள். தன் பேரைச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும். சாவதற்குள் ஒரு தடவையாவது பானுமதியின் தொகுதியில் நின்று, பானுமதிக்கு எதிராக, பானுமதியைக் கேட்காமல் ஓர் ஓட்டுப் போட வேண்டும். லாதி வருகிறதோ இல்லையோ, அது அப்புறம்.

ஆறுமுகத்தாய் நூல் வெட்டுகிற வேலை பார்க்கிறாள். ஷாகுல் ஹமீதின் தையல் கார்கானாவில் சட்டைகளில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பது. புருஷன் சுடலைக்கண்ணன் செத்துப் பன்னிரண்டு வருசமாக அதுதான் பிழைப்பு. ஷாகுல் ஹமீதின் மகள் ஷைஸ்தா காலேஜ் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. மராத்தி நன்றாக வரும். அவளிடம் போய் நின்றாள்.

"எதுத்தாப்புல வீடு மாறிட்டேன்னு எழுதிப் போடுட்டி."

"மாறிட்டியளா ஆச்சி?"

"மாறுன மாதிரி எழுது."

"அப்படில்லாம் எழுதக்கூடாது ஆச்சி."

"அங்க ஃபேன் இருக்கு. ராத்திரி அங்கதான் படுக்கேன். போதுமா?"

அது உண்மைதான். வெயில் காலத்தில் அங்கேதான் படுப்பாள். அந்த ஃபேன்மீதும் அவளுக்குப் பொறாமை உண்டு. ஷைஸ்தா போனில் பாரத்தைத் திறந்து அட்டை நம்பரை மட்டும் அடித்தாள், மிச்சம் தானாக விழுந்தது. பானுமதி வீட்டு லைட் பில் வேண்டும் என்றாள். ஆறுமுகத்தாய் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்துவிட்டுப் பானுமதியிடம் கேட்டாள். பானுமதி ஏன் எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தாள்.

"இதுக்கென்னக்கா. இனிமே ரெண்டு பேரும் சேந்தே போவலாம், முன்ன மாதிரி."

இப்படிச் சண்டை போடாமல் கொடுக்கிறவளை என்ன செய்வது? அதுவும் ஒரு எரிச்சல்தான்.

இந்த இடத்தில் அவள் பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெகு காலம் முன்னால் வாக்காளர் பட்டியல் எடுக்க வந்த ஒரு மராத்திக்காரர் பேர் கேட்டார். "ஆறுமுகத்தாய்" என்றாள். மராத்தியில் அக்காவை மரியாதையாகத் தாயி என்பார்கள். இவள் தன்னைத் தானே அக்கா என்று சொல்லிக்கொள்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டார். மரியாதையை வெட்டிவிட்டு மிச்சத்தை எழுதினார். ஆருமுக். அப்படி ஒரு பேர் வந்தால் ஆண் என்று பக்கத்துக் கட்டத்தில் குறி விழாமல் என்ன செய்யும்? அட்டையிலும் அப்படியே வந்தது. வீட்டில் மராத்தி படிக்கிறவர் யாரும் இல்லை. அட்டையில் இருந்த போட்டோவும் கருகின தோசை. பூத்தில் "ஆருமுக்" என்று கூப்பிட்டால் இவள் கையைத் தூக்குவாள். ஏஜெண்டுகளுக்கு இவளைத் தெரியும். அப்படியே வண்டி ஓடிவிட்டது.

இரண்டு மாதம் கழித்துச் சரிபார்க்க ஒரு மேடம் வந்தார். பள்ளிக்கூட டீச்சராம். தோளில் பை, கையில் காகிதக் கட்டு, கழுத்தெல்லாம் வியர்வை. ஆறுமுகத்தாய் பானுமதி வீட்டு லாதிமேல், அந்த வீட்டுக்காரி மாதிரி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஷைஸ்தா சொல்லி அனுப்பியிருந்தாள்: அதிகம் பேசாதீங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

"ஆருமுக்?" என்றார் மேடம்.

"ஹாங்."

மேடம் காகிதத்தைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"புருஷ்?"

மராத்தியில் புருஷ் என்றால் ஆண். ஆறுமுகத்தாய் முப்பது நாற்பது வருசமாக ஹிந்தி பேசுகிறவள்தான். ஆனால் அவள் பேசுகிற ஹிந்தியில் ஆம்பளைக்கு ஆத்மி, மரத் என்பதுதான் உண்டு. புருஷ் என்பது காகிதத்து வார்த்தை. அவள் காதுக்கு அது ஒன்றே ஒன்றுதான்: புருஷன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். இரக்கப்பட்டுச் சீக்கிரம் மாற்றித் தருவார்கள் என்று ஒரு கணக்கும் இருந்தது.

"புருஷ் மர் கயா, மேடம். பாரா சால் ஹோ கயா."

பானுமதி உள்ளேயிருந்து ஈரக்கையோடு வந்து நிலையில் நின்றாள். "ஹாங் மேடம். பாரா சால். ஹார்ட் அட்டாக்கு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள ஹோ கயா," என்று தன் பங்குக்குச் சேர்த்தாள்.

மேடம் உச்சுக்கொட்டினார். காகிதத்தில் ஏதோ எழுதினார். செத்துப் பன்னிரண்டு வருசமானவருக்கு இப்போது யார் வீடு மாற்றப் பாரம் போட்டார்கள் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. இன்னும் எழுபது வீடு பாக்கி. பானுமதி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"நல்ல பொம்பள. எம்பேச்சக் கேட்டு இரக்கப்பட்டுட்டா," என்றாள் ஆறுமுகத்தாய்.

நவம்பரில் சட்டசபைத் தேர்தல் வந்தது. பானுமதிக்கு ஓட்டுச் சீட்டு வந்தது. ஆறுமுகத்தாய்க்கு இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் வரவில்லை. பானுமதிதான் வாங்கி ஒளித்துவைத்துவிட்டாள் என்று முதலில் நினைத்தாள். பானுமதி மீன் வாங்கப் போயிருந்தபோது அவள் வீட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னாலும் அரிசி டப்பாவுக்குள்ளும் தேடினாள். அகப்பட்டது ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று. வைத்த இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு கார்கானாவில் ஷைஸ்தாவிடம் போனாள்.

ஷைஸ்தா போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"ஆச்சி, அந்த மேடம்ட்ட நீங்க என்ன சொன்னிய?"

"கேட்டதுக்குத்தான் சொன்னேன். புருஷ்னு கேட்டா. செத்துட்டாருன்னேன்."

ஷைஸ்தா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரலுக்கு நடுவில் வந்தது. "ஆச்சி, ஆம்பளையான்னுல்லா கேட்டிருக்காங்க. நீங்க செத்துட்டியன்னு அடிச்சிட்டாங்க. ரெண்டு பக்கத்துலயும் பேரு இல்ல."

"இப்ப எழுதிப் போட்டா?"

"தேதி முடிஞ்சிட்டு. அடுத்ததுக்குத்தான். புதுசா எழுதணும், இந்தத் தடவ தாய்ங்கிறதச் சேத்து."

ஆறுமுகத்தாய் கத்தரியை எடுத்து ஒரு சட்டையின் நூலை வெட்டினாள். நாலு சட்டை முடிந்த பிறகு, "இத அவகிட்டச் சொன்ன, அப்புறம் உன்னைய நானே கொன்னுருவேன்," என்றாள்.

தேர்தலன்று காலையில் பானுமதி புது நூல் புடவை கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "வாங்கக்கா, சேந்து போவலாம்."

"எம்பேரு பழைய எடத்துலயே இருக்காம். மாத்தலையாம். நான் அங்க போறேன். நீ உன் பூத்துக்குப் போ."

பானுமதி சீட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனை திரும்பிப் போனாள். ஆறுமுகத்தாய் தன் பக்கமாக நடந்து, பள்ளிக்கூடம்வரை போய், வரிசையைப் பார்த்தாள். பல் இல்லாத கிழவிகளெல்லாம் நின்றார்கள். நடக்க முடியாத ஒருத்தியை நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். வெளியே வருகிறவர்களெல்லாம் விரலைத் தூக்கி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இவள் மதில் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

பானுமதி அதற்குள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, வழக்கம்போல லாதியை பிளீச்சிங் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அக்கா, மாட்டுங்காவுல ஒரு ஓட்டல்ல மை வச்ச விரலக் காட்டுனா இன்னைக்கு காபி சும்மா தாறானாம். உங்க கொழுந்தனுக்கு செம்பூர்ல வாட்ச்மேன் டூட்டி. நாம ரெண்டு பேரும் போயிட்டு வருவமா?"

ஆறுமுகத்தாய் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வரவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அவள் ஒருத்தி போய்க் குடித்துவிட்டு வந்து, நுரை எப்படி இருந்தது, சூடு எப்படி இருந்தது என்று ஒரு மாசம் பேசுவாள். லாதி அவளுக்கு, துண்டு அவளுக்கு, வனக்கம் அவளுக்கு, புருஷன் உயிரோடு அவளுக்கு. காபியுமா?

"இரு, தலையச் சீவிட்டு வாரேன்," என்றாள்.

தலையைச் சீவவில்லை. பின்வழியாகத் தொண்ணூறடி ரோட்டுக்குப் போய் ஸ்டேஷனரிக் கடையில் நின்றாள்.

"மார்க்கர் குடு. அழியாதது."

"எந்தக் கலர், மௌசி?"

"ஓட்டுக் கலர்."

கடைக்காரன் அவளை ஒருமாதிரி பார்த்தான். ஊதாவும் கறுப்பும் எடுத்துப் போட்டான். அவள் கறுப்பை எடுத்தாள். கடைக்குப் பின்னால் நின்று இடதுகை ஆள்காட்டி விரலில், நகத்தின் பாதியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடு இழுத்தாள். நாற்பது வருசம் ஓட்டுப் போட்டவளுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியாதா? காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு கோடு.

மாட்டுங்கா ஓட்டலில் நல்ல கூட்டம். கல்லாவில் இருந்தவர் நெற்றியில் சந்தனம் வைத்திருந்தார். "விரலைக் காட்டுங்கோம்மா," என்றார். ஆறுமுகத்தாய் நீட்டினாள். "பேஷ். உள்ள போய் உக்காருங்கோ." பானுமதி நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் குனிந்தார்.

"இது என்னம்மா, வெத்தலைக் கறை மாதிரின்னா இருக்கு?"

பூத்தில் மை வைத்தவனுக்கு அவசரம். தொட்டதும் தொடாததுமாக வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அவள் அதை ஈரத்தோடு கொண்டுவந்து பிளீச்சிங் தண்ணீரில் அரைமணி நேரம் தேய்த்திருக்கிறாள். நகத்தோரத்தில் ஒரு பழுப்பு மட்டும் இருந்தது.

"ஐயோ, சத்தியமாப் போட்டேங்க. காலையில ஒம்பது மணிக்கே போட்டேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றா. நகருங்கோ, பின்னாடி ஆள் நிக்கறா."

பானுமதியின் முகம் சுருங்கிப்போனது. அவள் மருமகளாக வந்த நாற்பத்தேழு வருசத்தில் ஆறுமுகத்தாய் அந்த முகத்தை இப்படிப் பார்த்ததில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிற அளவுக்கு நின்று நிதானமாகப் பார்த்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவ போட்டா, சாமி. லாதி கழுவி அழிச்சிட்டா. நான் சாட்சி." தன் விரலை மறுபடி அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். "ரெண்டு பேரும் சேந்துதான் வந்தோம்."

அவர் அந்தக் கன்னங்கரேலென்ற கோட்டைப் பார்த்தார். "சரி, உக்காருங்கோ," என்றார்.

காபி வந்தது. நுரை இருந்தது, சூடும் இருந்தது. பானுமதி டம்ளரை எடுக்காமல் தன் விரலையும் ஆறுமுகத்தாயின் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மையக்கூட உங்க தொகுதியிலதான்க்கா நல்லா வைக்கான்," என்றாள். குரலில் ஒரு புளிப்பு இருந்தது. அந்தப் புளிப்பை ஆறுமுகத்தாய்க்கு நன்றாகத் தெரியும். பதினைந்து வருசமாகத் தன் வாயில் கிடந்தது அது.

"எங்க தொகுதியில எல்லாமே அப்படித்தான்," என்றாள். காபியை ஆற்றி, மெதுவாகக் குடித்தாள்.

காபி ஓசி. மார்க்கர் முப்பது ரூபாய்.